முப்பத்தெட்டாம் கலவை

நேற்று மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மண்டபத்து வாசலுக்கு வந்தபோது அந்த வாசனை என்னை நிறுத்தியது. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையாம், வெளிநாட்டில் இருப்பவர், நாற்பது வயதிருக்கும். வேப்பமரத்தடியில் நின்று பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் வெல்லப்பாகு முறுகிய இனிப்பு, அதன் பின்னால் வெயிலில் கிடந்த வைக்கோல், கடைசியாக ஈரத்துணியை இஸ்திரி போட்டால் கிளம்புகிற ஆவி. கால் தானாக அவரிடம் போய்விட்டது.

"தம்பி, புகையிலை ஈரம் காயலை. இப்படியே இழுத்தா நாக்கு வெந்துடும். அரை மணி நேரம் பேப்பர்ல பரப்பி வச்சுட்டு அப்புறமா நிரப்புங்க."

அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பட்டுப்புடவை கட்டிய அறுபத்து மூன்று வயதுப் பொம்பளை சொல்லக்கூடிய விஷயம் இல்லைதானே.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் பிடிப்பார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அது பாதி உண்மை. எங்கள் ஊர் குத்தாலத்தில் இறங்கும்போது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இதற்கு முன்னால் உங்களிடம் எதுவும் பேசத் தோன்றியதில்லை.

பதினெட்டு வருஷம் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தீர்கள். வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டுக்கு வருவீர்கள். அந்த இரண்டு மாதமும் நல்லவராகத்தான் இருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒரேயடியாக ஊருக்கு வந்து ஆறு ஏக்கர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், மீதிப் பத்து மாதத்து மனிதர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புகையிலை டின் கொண்டுவந்தீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுப் பைப்பைப் பற்றவைப்பீர்கள். இரண்டு வருஷத்தில் டின்கள் காலியாயின. சிங்கப்பூரிலிருந்து உங்கள் தம்பி கொஞ்ச நாள் கொண்டுவந்தார். அவருடைய வரவும் நின்றது. தஞ்சாவூர், திருச்சி என்று கடைகடையாக அலைந்து வாங்கி வந்தீர்கள். ஒன்று காரம், ஒன்று சென்ட்டுத் தண்ணி, ஒன்று வெறும் காகிதம் என்று எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினீர்கள்.

"நம்ம இலையிலேயே என் நாக்குக்கு ஏத்தது ஒண்ணு நான் கண்டுபிடிக்கிறேன் பாரு" என்றீர்கள். அந்த 'நான்' என்பதற்கு 'நீ' என்று அர்த்தம் என்பது மறுநாள் வேதாரண்யத்துப் புகையிலைக் கட்டை அடுப்படியில் போட்டபோது புரிந்தது.

இலையின் நரம்பை உரித்து நறுக்கவேண்டும். வெல்லத் தண்ணீர் தெளிக்கவேண்டும். இட்லிப் பானையில் மூன்று மணி நேரம் அவிக்கவேண்டும். அவித்ததை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றவேண்டும். பிறகு ஜாடியில் போட்டு வாய் கட்டி இரண்டு மாதம். ஆந்திராவிலிருந்து லாரி ஓட்டி வருகிறவர் அந்த ஊர் மஞ்சள் நிறப் புகையிலை கொண்டுவந்து தருவார். அது இனிப்பு, ஆனால் சீக்கிரம் எரிந்து நாக்கைச் சுடும். வேதாரண்யத்து இலை கறுப்பு, தொண்டையைப் பிடிக்கும். திண்டுக்கல் இலையில் வறுத்த கடலை வாசம். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் கேள்வி. ஈர இலையில் நாளெல்லாம் கை வைத்து நான் வாந்தி எடுத்தேன். "மாசமா இருக்கியா?" என்று நடவுக்கு வந்தவர்கள் முன்னால் கேட்டுச் சிரித்தீர்கள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அந்தப் பானையில் அப்புறம் நான் இட்லி ஊற்றவே இல்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பற்றவைத்தவுடன் வருகிற முதல் புகை கருகல் வாசம் அடிக்கும் என்பதால் அதை நான் இழுக்கவேண்டும் என்று வைத்தீர்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. நான் நிரப்பி, நான் பற்றவைத்து, நாலு இழுப்பு இழுத்துச் சாம்பலை அமுக்கி, மறுபடி பற்றவைத்து, வாய்ப்பக்கத்தை முந்தானையில் துடைத்து உங்களிடம் நீட்டவேண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் குரல் கொடுப்பீர்கள்.

"ஏய், இங்க வா. எங்க வீட்டம்மா பைப் பத்தவைக்கிற அழகைப் பாருங்க."

அவர்கள் பார்ப்பார்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இழுத்து முடித்ததும் பரீட்சை. "முதல்ல என்ன வருது, நடுவுல என்ன, கடைசியில என்ன? பிரிச்சுச் சொல்லு."

"நல்லாருக்குங்க" என்று ஒரு தடவை சொன்னேன்.

"நல்லாருக்குன்னு மாடுகூடச் சொல்லும். பிரிச்சுச் சொல்லுடி."

நான் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன். முதலில் வறட்டு இனிப்பு, நடுவில் மிளகு, கடைசியில் பழைய கோணிச்சாக்கு. தப்பாகச் சொன்னால் உங்களுக்குப் பொறுக்காது. இருபத்திரண்டாவது கலவை என்று நினைக்கிறேன். கடைசியில் கசப்பு இல்லை என்று நான் சொல்ல, நீங்கள் இழுத்துப் பார்த்துக் கசக்கிறது என்றீர்கள். "கையை நீட்டு" என்றீர்கள். எதற்கு என்று தெரியாமல் நீட்டினேன். கனிந்துகொண்டிருந்த பைப்பை என் உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த கலா அதைப் பார்த்துவிட்டுப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். நம் மகள் அதற்கப்புறம் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே இல்லை. அதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

முப்பத்தெட்டாவது என்னுடையது. நீங்கள் சொன்ன அளவை விட்டுவிட்டு, ஆந்திரா இலையைப் பாதியாகக் குறைத்து, கடலை வாசமுள்ள இலையைக் கூட்டி, காயவைத்த நார்த்தங்காய்த் தோலை இரண்டு நாள் மட்டும் ஜாடிக்குள் போட்டு எடுத்தேன். முதல் நாலு இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் வாங்கிக் கடைசிச் சாம்பல் வரைக்கும் பிடித்தீர்கள். அணையவே இல்லை. கலவைகளைக் குறித்து வைக்கிற நோட்டை எடுத்து 38 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றேன்.

"ஏன் நிக்கிறே? போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றீர்கள்.

மறுவாரம் வந்தவர்களிடம், "வருஷக்கணக்கா மண்டையைப் போட்டு உடைச்சு நான் கண்டுபிடிச்சது" என்றீர்கள்.

அதற்கு அடுத்த ஆடியில் ஒரு காலை ஏழு மணிக்குத் திருவையாற்றிலிருந்து அண்ணன் போன் செய்தது. "அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. கிளம்பி வந்துடும்மா." நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து உங்களிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து நீங்கள் தலையைத் தூக்கவில்லை.

"அடுப்புல இலை இருக்கே?"

"இறக்கி வச்சிட்டுப் போறேங்க. வந்து பாத்துக்கலாம்."

"பாதியில இறக்குனா கெட்டுப் போயிடும். மூணு மணி நேரம்தானே? அவிச்சு, அழுத்தி வச்சிட்டுப் போ."

அவித்தேன். பலகையில் பரப்பி அம்மிக்கல்லை ஏற்றிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினேன். கும்பகோணத்தில் பஸ் மாறித் திருவையாறு போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். "அரை மணி முன்னால வரைக்கும் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்று அண்ணன் சொன்னது. அத்தை என் கையைப் பிடித்து அழ வந்தவள், கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, கையெல்லாம் புகையிலை நாத்தம்?" என்றாள்.

அன்று செருப்பை மாட்டிக்கொண்டு நான் நடந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம். நீங்கள் என்னைக் கட்டிப்போடவில்லை. அடுப்பு முன்னால் நானாகத்தான் நின்றேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல் இருந்திருக்கவேண்டும். ஆனால் முழுவதையும் உங்களுக்கென்றே எடுத்து வைத்தேன்.

அப்புறம் ஊரையே அடைத்துப்போட்ட அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. பத்து நாள் உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். யாரையும் பார்க்க விடவில்லை. கலா சென்னையிலிருந்து வர முடியாமல் போனில் அழுதாள். நீங்கள் திரும்பி வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வரவேண்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. தினமும் விளக்கு ஏற்றினேன், அவ்வளவுதான்.

இனிமேல் புகையே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒரு மாதம் பொறுத்தீர்கள். பிறகு ஒரு மத்தியானம், "எடுத்துட்டு வா" என்றீர்கள். முப்பத்தெட்டை நிரப்பி, வழக்கம்போல் பற்றவைத்துக் கொடுத்தேன். நீங்கள் இழுத்தீர்கள். புகையை வாயிலேயே வைத்திருந்து, விட்டு, மறுபடி இழுத்தீர்கள். உங்கள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "நல்லாருக்கு."

அத்தனை வருஷத்தில் நீங்கள் சொல்லாத வார்த்தை. உடம்பு முழுக்க எனக்குச் சில்லென்றது. சந்தோஷத்தில் இல்லை. உங்களுக்கு வாசனை போய்விட்டது என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

உறுதிப்படுத்திக்கொள்ள மறுநாள் காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். பொங்கி வழிந்து அடிப்பிடித்துக் கருகியது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். நீங்கள் அடுப்படிக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். உப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. வாசம் என்பது மட்டும் உங்களுக்கு இல்லை. அதை யாரிடமும் சொல்லாமல், வாயில் வைத்த எல்லாவற்றையும் பற்றி முன்பு போலவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இருந்தீர்கள்.

கொல்லையில் வாழைச்சருகுக்குப் பஞ்சமில்லை. ஒரு மட்டைச் சருகை எடுத்துப் புகையிலை மாதிரியே மெல்லிசாக நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்து, நிழலில் உலர்த்தினேன். பார்க்க அதேதான். நிரப்பிப் பற்றவைத்து, முதல் நாலு இழுப்பை முகம் மாறாமல் இழுத்துவிட்டு உங்களிடம் கொடுத்தேன்.

"இன்னைக்கு இனிப்பு தூக்கல். நார்த்தங்காய் கொஞ்சம் கம்மி" என்றீர்கள்.

"அடுத்த தடவை சரி பண்ணிடறேங்க."

ஏழு மாதம் நீங்கள் வாழைச்சருகு பிடித்தீர்கள். முப்பத்தெட்டு ஜாடிக்குள் பத்திரமாக இருந்தது. அந்த ஏழு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அப்படிச் சொல்வதற்கு இப்போது எனக்குக் கூச்சமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதில்லை.

ஊர் திறந்த பிறகு உங்கள் தம்பி குடும்பத்தோடு வந்தார். அன்று வீடு நிறைய ஆள். சாப்பாடு முடிந்ததும் அவர் ஒரு டின்னை எடுத்து உங்களிடம் நீட்டினார். "அண்ணே, இது அங்கேயே கிடைக்காத சரக்கு. உங்களுக்காகப் பிடிச்சு வாங்கினேன்."

"என் முப்பத்தெட்டு முன்னால எதுவும் நிக்காதுடா" என்றீர்கள். "ஒரு பந்தயம் வச்சுக்குவோம். ரெண்டு பைப்புலயும் நிரப்பட்டும். எதுல எதுன்னு சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். ஏய், இங்க வா! முதல் இழுப்பு அவதான் இழுப்பா, பாருங்க."

டின்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு பைப்பிலும் வாழைச்சருகை நிரப்பினேன்.  எல்லார் முன்னாலும் நின்று இரண்டையும் பற்றவைத்துக் கொடுத்தேன்.

முதல் பைப்பை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "இது உன் டின்னு. வெளிநாட்டு மினுக்கு. முதல்ல இனிக்கும், கடைசியில ஒண்ணும் இருக்காது." இரண்டாவதை இழுத்தீர்கள். உங்கள் முகம் மலர்ந்தது. "இதுதான் என்னுது. முதல்ல கடலை, நடுவுல நார்த்தங்காய், கடைசியில வெண்ணெய் மாதிரி. எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

தம்பி அதை வாங்கி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு இருமினார். "என்னண்ணே இது? குப்பையைக் கொளுத்துன மாதிரி இருக்கு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

"ரெண்டுமே வாழைச்சருகுதான்" என்றேன். "ஏழு மாசமா இதைத்தான் பிடிக்கிறாரு. காய்ச்சல்ல மூக்கு போயிடுச்சு. சொன்னா கௌரவம் குறைஞ்சுடும்னு சொல்லலை."

 முதலில் உங்கள் தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வாயில் கையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். நீங்கள் இரண்டு பைப்பையும் மெதுவாகப் பெஞ்சில் வைத்துவிட்டு, கொல்லைக் குழாயடியில் போய் வாய் கொப்பளித்தீர்கள். ரொம்ப நேரம் கொப்பளித்தீர்கள். அடி விழும் என்றுதான் காத்திருந்தேன். விழவில்லை.

மறுநாள் காப்பியை வைத்தபோது கேட்டீர்கள். "எப்ப தெரியும் உனக்கு?"

"நல்லாருக்குன்னு சொன்னீங்களே, அன்னைக்கே."

டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தீர்கள். "உங்கப்பா விஷயத்துக்குத்தானே?" என்றீர்கள்.

 ஒரு வார்த்தை சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். சத்தியமாக, அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

"உன்னைப் பாத்திருந்தா மட்டும் பொழைச்சிருப்பாரா என்ன?" என்றீர்கள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்கப்புறம் நீங்கள் பைப்பைத் தொடவில்லை. ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. நான் தாளிக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நிற்பீர்கள். ஆண்பிள்ளை அங்கே வந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"இப்ப என்ன வாசம் வருது?"

நான் திரும்பமாட்டேன். "தெரியலைங்க."

"பிரிச்சுச் சொல்லேன். உனக்குத்தான் தெரியுமே."

"நீங்களே கண்டுபிடிங்க."

மல்லி வறுக்கும்போது கேட்டீர்கள். நெல் அவிக்கும்போது கேட்டீர்கள். கலா தன் மூன்று மாதக் குழந்தையை முதல் தடவையாகத் தூக்கி வந்தபோது, அதன் தலையில் மூக்கை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அன்று உங்கள் கண்ணில் தண்ணீர் இருந்தது. "குழந்தை மேல என்ன வாசம் வருது?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். கலா வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அவள் பிறகு என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, அவர் செஞ்சது தப்புதான். நீ செய்யறது என்ன?"

"எனக்கு அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவருக்குச் சொல்லமாட்டேங்கறேன்" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. போனில் பேசும்போது உங்கள் பேச்சு வந்தால் இரண்டு பேரும் நிறுத்திவிடுகிறோம்.

கடைசி நாள் காலை. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. குறுவைக்கு மடை திறக்கவேண்டும் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று தலையைத் தூக்கினீர்கள். மூக்கு விடைத்தது. பழக்கம்தான்.

"புதுத்தண்ணி வந்திருக்கே. இங்க வரைக்கும் வாசம் வருதா?"

"போய்ப் பாருங்களேன்" என்றேன்.

போனீர்கள். ஒரு மணி நேரத்தில் நடவுக்கு வந்த பெண் ஓடி வந்தாள். மடைக்குப் பக்கத்தில் வரப்பில் சாய்ந்து கிடந்தீர்கள். நெஞ்சுவலி என்றார்கள். கண் திறந்திருந்தது. கால் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. நான்தான் பிடித்து வெளியே எடுத்து வைத்தேன்.

நான் அழுதேனா என்று யாராவது கேட்டால் அழுதேன் என்றுதான் சொல்வேன். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

இந்த மூன்று வருஷத்தில் உங்களை மன்னிக்க முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லி உங்களைக் கேட்கலாமா என்றும் பார்த்தேன். அதுவும் வரவில்லை. நீங்கள் என்னிடம் விட்டுப்போனது இந்த மூக்கு ஒன்றுதான். தூங்கி எழுந்ததிலிருந்து அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் எண்ணெய்த் தலை, மில்லில் கொதிக்கிற நெல், கோயில் பிரகாரத்து வௌவால் நாற்றம், எதுவும் எனக்கு ஒன்றாக வருவதில்லை. முதலில் இது, நடுவில் இது, கடைசியில் இது என்று பிரிந்து பிரிந்துதான் வருகிறது. வேண்டாம் என்றால் நிற்பதில்லை. உங்கள் குரல் மறந்துபோய்விடும் போலிருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வி மறக்கமாட்டேன் என்கிறது.

அன்று புதுத்தண்ணீரின் வாசம் கூடம் வரைக்கும் வந்திருந்தது. நீங்கள் வாசற்படியில் நின்றபோது அது உங்களைத் தாண்டித்தான் என்னிடம் வந்தது. முதலில் என்ன, நடுவில் என்ன, கடைசியில் என்ன என்று மூன்றும் என் வாய்வரை வந்து நின்றன. சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இப்போதும் மூன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதில் எழுதமாட்டேன்.